டிஸ்க்கில் மீண்டு வந்த அரைக் கடிதம்

இன்று காலை காபியோடு வந்து மடிக்கணினியைத் திறந்தால், அது வழக்கமான படத்தைக் காட்டாமல் கருப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கைச் சோதித்துப் பிழைகளைச் சரிசெய்யப் போகிறதாம். வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு விசையை அழுத்தித் தவிர்த்துவிடலாமாம். அதற்கு அவகாசம் கொடுத்துப் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணியது. என் கை விசைப்பலகைப் பக்கமே போகவில்லை. அந்தச் சோதனையை நான் ஒருநாளும் தவிர்த்ததில்லை என்பது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது ஏழு சதவீதத்தில் நிற்கிறது. முடிய ஒரு மணி நேரம் ஆகலாம். அதுவரை உனக்கு எழுதலாம் என்று நோட்டை எடுத்தேன். நீ போய்ப் பதினெட்டு நாளாகிறது. முந்தாநாள் உன் காரியத்துக்கு வந்தேன். மாலை போட்ட உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. படத்தில்கூட நீ அதே மாதிரி, ஒன்றும் தெரியாதவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாய். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, இனி நீ குறுக்கே பேசமாட்டாய் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

அது எண்பத்தெட்டு. விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில், உரக்கடைக்கு மேல்மாடியில் நம் ஆபீஸ். படியேறும்போதே யூரியா நெடி மூக்கில் ஏறும். மேலே வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் உள்ளே கம்ப்யூட்டர் இருந்தது. ஒன்றே ஒன்று. அதற்கு ஏசி, அதற்குப் பூப்போட்ட உறை, அதற்குத் தினமும் ஊதுபத்தி. நாம் இரண்டு பேரும் அதன் ஆப்பரேட்டர்கள், ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். மல்லாட்டை மண்டிகளின் வேர்க்கடலை மூட்டைக் கணக்கு, பள்ளிக்கூடங்களின் மார்க் லிஸ்ட், அரிசி ஆலைகளின் பட்டியல் என்று நாள் முழுக்கத் தட்டுவோம். காலையில் மெஷின் எனக்கு, மதியத்துக்கு மேல் உனக்கு.

எனக்கு வீடு நடக்கிற தூரம். அதனால் சாவி என்னிடம் இருந்தது, எட்டு மணிக்கு நான்தான் திறப்பேன். நீ திண்டிவனத்திலிருந்து ரயிலில் ஒன்பதரைக்கு வருவாய். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அடித்த லிஸ்டுகளை மண்டிகளில் கொடுக்கப் போய்விடுவேன். ஆறு மணி பாசஞ்சரைப் பிடிப்பதற்கு முன்னால் மெஷினை மூடுவது உன் பொறுப்பு.

மூடுவது என்றால் சும்மா இல்லை. திறந்திருக்கும் ஃபைலைச் சேமித்து வெளியே வர வேண்டும். பிறகு டிஸ்க்கைப் படிக்கும் முனையை ஓரமாக ஒதுக்கி நிறுத்தும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அது நின்றதும் பத்து எண்ணிவிட்டுத்தான் ஸ்விட்ச். என் கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். "இன்னாடி இது, பூஜை மாதிரி கீது" என்று நீ கிண்டலடிப்பாய்.

ஆடி மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. ஆலைக்காரர் பட்டியலில் கடைசிப் பக்கம் காணாமல் போனது. பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்டில் பாதிப் பிள்ளைகள் இல்லை. நான் முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன், ஸ்டெபிலைசர் ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். பிறகு தூசியைச் சந்தேகப்பட்டு ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டினேன். கடைசியில் கையேட்டைப் புரட்டி, டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதைக் கொடுத்தால் டிஸ்க் முழுவதையும் துழாவி, எந்த ஃபைலோடும் சேராமல் அநாதையாகக் கிடக்கும் துண்டுகளை எண்ணிச் சொல்லும். அவற்றை ஃபைலாக மாற்றட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்று ஒய் விசையை அழுத்தினால் துண்டுக்கு ஒன்றாக, எண் போட்ட ஃபைல்கள் வந்து நிற்கும். திறந்து படித்து, இது ஆலைக்காரருடையது, இது ஹெட்மாஸ்டருடையது என்று பார்த்து உரிய இடத்தில் ஒட்டிவிடலாம். காணாமல் போன அந்தக் கடைசிப் பக்கம் முதல் நாளே கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, எத்தனை துண்டு, முந்தின நாள் கரண்டு போனதா, மெஷினில் கடைசியாக ஓடிய வேலை என்ன என்று தினமும் எழுதினேன். மூன்று வாரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. கரண்டு போன நாளுக்கும் துண்டுகளுக்கும் சம்பந்தமே இல்லை. நீ லீவு போட்ட மறுநாள் டிஸ்க் சுத்தம். பாசஞ்சர் லேட்டான மறுநாளும் சுத்தம். வண்டி சரியான நேரத்துக்கு வந்த நாளெல்லாம் துண்டு.

"ஏண்டி, ஃபைல மூடாமயே ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு ஓடறியா?" என்று கேட்டேன்.

நீ மறைக்கவில்லை. "தெனமுமா பண்றேன்? வண்டி கூவுற சத்தம் கேட்டா எனக்குக் கை காலு ஓடல. அத வுட்டா அடுத்த வண்டிக்கு எத்தினி நேரம் குந்திக்கினு இருக்கணும் தெரியுமா? அதுவரைக்கும் எங்கப்பாவ யாரு தூக்கி உக்கார வெப்பா?" என்றாய். உன் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், வீட்டில் சம்பாதிப்பவள் நீ மட்டும்தான். "சார்ட்ட மட்டும் சொல்லிடாதடி. பேஜாராப் பூடும்."

நான் சொல்லவில்லை. அதற்குமேல் ஒன்று செய்தேன். மெஷின் கண் விழித்ததும் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகள் எழுதிய ஒரு ஃபைல் இருக்குமே, அதில் அந்தச் சோதனைக் கட்டளையையும் சேர்த்தேன். அன்றிலிருந்து காலையில் ஸ்விட்சைப் போட்டதும் அது தானாகவே டிஸ்க்கைத் துழாவும், துண்டு இருந்தால் என்னைக் கேட்கும், நான் ஒய் அழுத்துவேன். ஏழே முக்காலுக்கே வந்துவிடுவேன். சார், அதாவது நம் முதலாளி, பத்து மணிக்கு வருவதற்குள் எல்லாம் ஒட்டப்பட்டுப் பளிச்சென்று இருக்கும். நீ உள்ளே நுழையும்போதே "இன்னிக்கி எத்தினி?" என்பாய். "மூணு" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். உன் அவசரத்தின் குப்பையை நான் பெருக்கித் தள்ளினேன், அதையும் சந்தோஷமாகச் செய்தேன். நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

என் நிலைமையும் உனக்குத் தெரியாததில்லை. ஒரு சனிக்கிழமை உன்னை வண்டியேற்ற பிளாட்பாரம் வரை வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேனே. "தை மாசத்துக்குள்ள வேல நிரந்தரமாச்சுன்னா வுட்டுடறேன்னு அப்பா சொல்லிக்கினு இருக்காரு. இல்லன்னா திண்டிவனத்து அத்த வூட்டுக்குத்தான் மருமவளாப் போவணும்" என்றேன். அத்தை மகன் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. எனக்கு அந்த மெஷின் மேல் ஆசை, அவ்வளவுதான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆவும்டி. ஒனக்கு ஆவாம வேற யாருக்கு ஆவும்?" என்றாய். பொங்கலுக்குப் பிறகு ஒருத்திதான் நிரந்தரம், இன்னொருத்தி கிளம்ப வேண்டியதுதான் என்று சார் அந்த வாரமே சொல்லியிருந்தார். ஆகவே நீ சொன்ன அந்த வார்த்தையை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு அம்மாவைத் திருவக்கரைக் காளி கோயிலுக்கு அழைத்துப் போனேன். மறுநாள் காலைதான் திரும்பினோம், பஸ் கிடைக்கவில்லை. சாவியைச் சாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது பத்தரை. சார் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் புதிதாக வந்த ஒரு மண்டிக்காரர். திரையில் ஐந்து துண்டுகள், பிழை, சரிசெய்யட்டுமா என்ற கேள்வி. மண்டிக்காரர், "இன்னா சார், மெஷினே தப்பு தப்புன்னு சொல்லுது? இத்த நம்பி எங்க கணக்கக் குடுக்கறதா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

"யாரும்மா இதுக்குக் காரணம்?" என்றார் சார்.

நீ அச்சடிக்கும் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை. உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நான்தான் சொன்னேன், "கரண்டு சார். சாயங்காலத்துல போயிப் போயி வருது."

"எனக்கு நாளைக்குள்ள சரியான காரணம் தெரியணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நீ காகிதத்தை வைத்துவிட்டு வந்து என் தோளைத் தொட்டாய். நல்லவேளை என்றாய். நானும் நல்லவேளை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல ஏழே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் கரகரவென்று துழாவியது. இரண்டு துண்டு என்றது. ஒய் அழுத்தினேன். முதல் துண்டு மூட்டைக் கணக்கு. இரண்டாவதைத் திறந்தேன்.

நாம் தட்டிக்கொண்டிருந்த அந்த மென்பொருள், ஃபைலை மூடுவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கில் எழுதி வைக்கும் என்பது உனக்குத் தெரியாது. ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும் என்று நினைத்திருப்பாய். அழியவில்லை. துண்டாக வந்தபோது ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்தும் ஏதோ ஒரு கோணல் குறியாகத் தெரிந்தது, ஆனால் தினமும் படித்துப் பழகிய எனக்கு அது ஒரு தடையே இல்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். "மதிப்பிற்குரிய சார்" என்று ஆரம்பித்திருந்தாய். டிஸ்க்கில் தினமும் பிழை வருவதற்குக் கரண்டு காரணமில்லை, இவள் மெஷினை முறைப்படி இயக்காததுதான் காரணம் என்று என் பெயரை இனிஷியலோடு போட்டிருந்தாய். காலையில் யாரும் வருவதற்கு முன்பே வந்து பிழைகளை மறைத்துவிடுகிறாள், அதற்காகவே மெஷினில் ஒரு கட்டளையை எழுதி வைத்திருக்கிறாள், ஒரு நோட்டும் வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். கடைசியில், "அவள் என் தோழி. ஆனாலும் அவள்" என்று இருந்தது. அத்தோடு முடிந்தது. அதற்குமேல் வெறும் புள்ளிகள். அங்கே வண்டி கூவியிருக்கிறது, நீ ஸ்விட்சை அணைத்துவிட்டு ஓடியிருக்கிறாய்.

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. எனக்குக் கோபம்கூட முதலில் வரவில்லை, வெட்கமாக இருந்தது. யாரோ என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்ட மாதிரி. அந்த ஃபைலை ஒரு ஃப்ளாப்பியில் பிரதி எடுத்து என் கைப்பையில் வைத்தேன். டிஸ்க்கிலிருந்து அழித்தேன்.

ஒன்பதரைக்கு நீ வந்தாய். வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்திருந்தாய், எனக்குப் பிடிக்கும் என்று.

"இன்னிக்கி எத்தினி?" என்றாய்.

"ரெண்டு."

"இன்னா துண்டு?"

உன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணு மூட்டக் கணக்கு. இன்னொண்ணு ஏதோ லெட்டரு" என்றேன்.

நீ ஒரு கொட்டையை உரித்துக்கொண்டிருந்தாய். விரல் நின்றது. "யாரு லெட்டரு?"

"தெரியல. பாதிதான் வந்துச்சு. அழிச்சிட்டேன்."

"அப்பாடா" என்று நீ சொல்லவில்லை. ஆனால் விரல் மறுபடி உரிக்க ஆரம்பித்தது. உரித்த பருப்பை என் உள்ளங்கையில் வைத்தாய். நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். நீ ஏதாவது சொல்வாய் என்று மதியம் வரை காத்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு லிஸ்டுகளை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதுகூட, கூப்பிடுவாய் என்று நான்கு படி மெதுவாகத்தான் இறங்கினேன்.

அன்றைக்கே கையால் எழுதிக் கொடுத்துவிட்டாய் போலிருக்கிறது. மறுநாள் சார் கூப்பிட்டார். மேஜைமேல் மடித்த காகிதம் ஒன்று இருந்தது, பக்கத்தில் என் நோட்டு. "கரண்டுன்னு சொன்னியேம்மா. ஒன் நோட்டுலயே கரண்டு போவலன்னு எழுதிக்கீதே. மூணு மாசமாத் தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சிக்கினு, எங்கிட்ட சொல்லாம தெனமும் காலையில வந்து மறைச்சிருக்க. மெஷின்லயே எழுதி வெச்சிருக்க. இதுக்கு இன்னா அர்த்தம்?" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. நோட்டும் நான் எழுதியது, கட்டளையும் நான் எழுதியது, கரண்டு என்று பொய் சொன்னதும் நான். எல்லாம் உனக்காகச் செய்தது என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அந்த மேஜைமேல் இருந்தது. நீ கதவுப்பக்கம் நின்றிருந்தாய். என் கை பைக்குள் போய் ஃப்ளாப்பியைத் தொட்டது. அதை மெஷினில் போட்டிருந்தால், ஃபைலை மூடாமல் அணைத்துவிட்டு ஓடுவது நீதான் என்று பாதியில் அறுந்த உன் வரியே காட்டிக்கொடுத்திருக்கும், உன் வேலை போயிருக்கும். உன் மேல் இரக்கப்பட்டு நான் எடுக்காமல் விட்டேன் என்று நினைக்காதே. உன் அப்பாவை நினைத்தேன், உண்மைதான். ஆனால் அதைவிட, நீயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்ற வீம்புதான் அதிகம். நீ சொல்வாய், சொல்வாய் என்று பைக்குள் கையை வைத்தபடி நின்றேன். நீ மூக்கை உறிஞ்சினாய். சத்தம் அவ்வளவுதான் வந்தது.

அன்று படியிறங்கும்போது என் பின்னாலேயே ஓடிவந்து, உரக்கடை வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "அநியாயம்டி இது. அந்த ஆளு நல்லா இருப்பானா?" என்றாய். கடிதத்தைக்கூட விட்டுவிடலாம். வீட்டில் படுத்துக் கிடக்கும் அப்பா, ஒற்றை வேலை, பயம். நீ கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேனா? மாட்டேன், பொய் சொல்லமாட்டேன். நானும் அந்த வேலைக்காகச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் கொடுத்துவிட்டு வந்து என் தோளிலேயே அழ என்னால் முடிந்திருக்காது.

தை மாதத்தில் திண்டிவனத்துக்கு மருமகளாக வந்தேன். அவர் நல்ல மனிதர், குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நான் ஒரு விசையைக்கூடத் தொடவில்லை. நீயோ அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. காலையில் விழுப்புரம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்போது, அதில் நீ இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு நான் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வண்டியிறங்கி வாரத்துக்கு ஒருநாளாவது என் வீட்டுக்கு வருவாய், பூவோ பழமோ இல்லாமல் வந்ததில்லை. வந்து உட்கார்ந்து, புது மெஷின் வந்தது, கலர் திரை வந்தது என்று என்னிடமே சொல்வாய். கிளம்பும்போது, "சாரு ஒனக்குப் பண்ணது அநியாயம்டி" என்று ஒருதடவை சொல்லாமல் போகமாட்டாய். நான் காபி கொடுத்தேன். உன் கல்யாணத்துக்கு வந்தேன், உன் அப்பா சாவுக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை, "நான்தான்டி" என்று. வரவே இல்லை. உன் மகளுக்கு என் பெயரில் பாதியைச் சேர்த்து வைத்தாயே, அதையா நான் கேட்டேன்?

அந்த மகள்தான் முந்தாநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா ஒங்களப் பத்தியே பேசிக்கினு இருப்பாங்க ஆன்ட்டி. ஒங்கள மாதிரி மெஷினப் பாத்துக்க ஆளு கெடையாதுன்னு சொல்வாங்க" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அம்மாவுக்கு ஒரு பழக்கம். டிவிய ஆஃப் பண்ணாக்கூட ரிமோட்ல அணைச்சிட்டு, பக்கத்துல நின்னு பத்து எண்ணிட்டுத்தான் ஸ்விட்ச அமுத்துவாங்க. எங்கியாவது வண்டியப் புடிக்கணும், ஜல்தி வாம்மான்னு நாங்க கத்துனாலும் அசைய மாட்டாங்க. ஏம்மான்னு கேட்டா பதிலே வராது."

பத்து எண்ணுவது என் பூஜை அல்லவா? உன் கடிதத்தை நீயே நம்பி எழுதியிருப்பாயோ, தப்பு என்மேல்தான் என்று எப்படியோ உனக்கு நீயே சொல்லிக்கொண்டாயோ என்று சில நாள் உன் பக்கம் நின்று யோசித்ததுண்டு. அந்தச் சந்தேகம் முந்தாநாள் தீர்ந்துவிட்டது. முப்பது வருஷம் டிவியிடம் பத்து எண்ணினாயே, என்னிடம் ஒன்று சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த ஃப்ளாப்பி இன்னும் என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பூஞ்சை பூத்துவிட்டது. அதைப் போட்டுப் படிக்க இப்போது ஊரில் மெஷின் இல்லை, எனக்கு அது தேவையும் இல்லை. அந்தப் பாதி வாக்கியம் மனப்பாடம். ஆனாலும் அவள். அதற்கப்புறம் என்ன எழுத நினைத்தாய்? மனசு இளகிய நாட்களில், ஆனாலும் அவள் நல்லவள் சார், வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள் என்று முடித்துப் பார்ப்பேன். மற்ற நாட்களில், ஆனாலும் அவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று. மற்ற நாட்கள்தான் அதிகம்.

திரை இப்போது நூறைத் தொட்டுவிட்டது. ஏதோ சரிசெய்ததாகச் சொல்லிவிட்டு, வழக்கமான படத்தைக் காட்டுகிறது. என்ன துண்டு கிடைத்தது, வேண்டுமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் காலத்து மெஷின் கேட்பதில்லை.

உன் மகள் இப்போது வருவாள். உன் நினைவு அட்டையில் போட அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் ஆன்ட்டி, நீங்கள்தான் எழுத வேண்டும் என்று முந்தாநாளே கேட்டிருக்கிறாள். தட்டுவதற்காகத்தான் காலையில் மெஷினைத் திறந்தேன். இதோ, முதல் வரியைத் தட்டிவிட்டேன். "அவள் என் தோழி." அதில் பொய் இல்லை, யோசித்துப் பார்த்துத்தான் போட்டேன். அடுத்து, "ஆனாலும் அவள்" என்று தட்டிவிட்டு இவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் அவள் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்கிறது. இரண்டாவது வரியை அழித்துவிட்டேன். அவளுக்கு முதல் வரி போதும். ஃபைலைச் சேமித்து, மூடி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். வெளியே உன் மகள் கூப்பிடுகிறாள். பத்து வரட்டும்.